பெண் பிள்ளையின் கைக்கு ஒரு காசுப்பை

(தோட்டத்துப் பெற்றோர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

விடியுமுன் எழுந்து, பெரட்டுக்கு வந்து நின்று, பால்மரங்களை வெட்டி, மங்குகளில் வடிந்த பாலைச் சேர்த்து நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிய களைப்போடு இங்கு வந்து அமர்ந்திருக்கின்றீர்கள். தகவல் அதிகாரி வந்திருக்கின்றார் என்றதும், அரசாங்கத் திட்டம் ஒன்றைப் பற்றியோ புதிய சட்டம் ஒன்றைப் பற்றியோ பேசுவார் என நீங்கள் எண்ணியிருக்கக் கூடும். இன்று நாம் கொண்டு வந்திருப்பவையோ ஓர் ஊசி, ஒரு நூற்கண்டு, பழைய பள்ளிச் சீருடை ஒன்று. இவற்றைக் கொண்டு பெண் பிள்ளைகளுக்குக் காசுப்பை தைப்பது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சு.

"கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் பொருளுக்காக ஒரு கூட்டமா?" எனச் சிலர் வினவலாம். அவ்வினாவிற்கு விடையாக, நம் கண்முன் நடந்த ஒன்றை முதலில் சொல்ல விரும்புகின்றோம்.

நாம் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்த மாணவி ஒருத்தி, பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்குச் சென்றாள். நன்கு படிக்கும் பிள்ளை. அந்த வாரம் முழுமைக்கும் உரிய பேருந்துக் காசையும் உணவுக் காசையும் அவளுடைய தாயார் ஒரு கைக்குட்டையில் முடிந்து கொடுத்திருந்தார். திங்கட்கிழமை பிற்பகல், வீடு திரும்பப் பேருந்தில் ஏறியபோது கைக்குட்டை இருந்தது, முடிச்சு அவிழ்ந்திருந்தது, காசு இல்லை. எவரிடமும் சொல்ல வாய் வராமல், பிள்ளை இறங்கிவிட்டாள். பெருஞ்சாலை ஓரமாகவும், பின்னர்ப் பால்மரக் காட்டின் செம்மண் பாதையிலும் தனியே நடந்து, இருட்டும் வேளையில் லயத்தை வந்தடைந்தாள்.

மறுநாள் அவள் பள்ளிக்குச் செல்லவில்லை. அதற்கு மறுநாளும் செல்லவில்லை. செய்தி அறிந்து நாம் அவ்வீட்டிற்குச் சென்றோம். "காசைக் காக்கத் தெரியாத பிள்ளை பட்டணத்தில் என்ன படித்துவிடும்? வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ளட்டும், சார்," என்றார் தந்தை. அவர் கொடுமைக்காரர் அல்லர். மகள் இருட்டில் தனியே நடந்து வந்த அச்சம் அவரை அவ்வாறு பேச வைத்தது. அவரிடம் நாம் கேட்டது ஒன்றே: "இந்த வயது வரைக்கும் இந்தப் பிள்ளையின் கையில் அவளுக்கென்று ஒரு காசாவது இருந்ததுண்டா, அண்ணே?"

அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "கேட்கும்போதெல்லாம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கையில் கொடுத்ததில்லை," என்றார்.

அன்றிரவு அத்தாயார் தம் பழைய கைலித் துணியில் ஒரு சிறு பை தைத்தார். மகளையும் அருகில் அமர்த்திக்கொண்டார். அடுத்த திங்களன்று பிள்ளை பள்ளிக்குச் சென்றாள். பையொன்றே அவளை மீண்டும் பள்ளிக்கு அனுப்பியது என்று நாம் கூறமாட்டோம். ஆயினும், "இது உன்னுடையது, இதற்கு நீதான் பொறுப்பு, உன்னால் முடியும்" என்று பெற்றோர் வாயால் சொல்லாததை அந்தப் பை சொல்லிற்று. அதனை நாம் இன்றளவும் மறக்கவில்லை.

பாட்டிமார் செருகிய பை

நம் பாட்டிமார் இடுப்பில் சுருக்குப்பை செருகியிருந்ததை இங்குள்ள மூத்தோர் அறிவர். வெற்றிலை, பாக்கு, சில்லறைக் காசு ஆகியவை அதில் இருக்கும். பேரப்பிள்ளை மிட்டாய்க்குக் காசு கேட்டு நின்றால், கயிற்றைத் தளர்த்தி, இரு விரல்களை உள்ளே விட்டு, பாராமலே வேண்டிய காசை எடுத்துக் கொடுப்பார்கள். பள்ளிக்கூடத்துப் படிப்பு இல்லாதவர்களாயினும், தம் பையில் உள்ளது எவ்வளவு என்பதை அவர்கள் அறிவார்கள். அடுத்து வந்த தாய்மார் முந்தானையில் முடிந்து வைத்தார்கள். பள்ளிச் சீருடை அணியும் நம் பெண் பிள்ளைகளுக்கோ இடுப்புச் செருகலும் இல்லை, முந்தானையும் இல்லை. ஆகவே, பாட்டியின் பையை நாம் வேறு உருவில் பேத்திக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியுள்ளது.

"இக்காலத்தில் கைப்பேசியிலேயே பணம் செலுத்துகின்றார்களே, பை எதற்கு?" என்பாரும் உளர். கைப்பேசியில் செல்லும் பணம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஐந்து வெள்ளி போனால் எவ்வளவு போயிற்று என்பதைச் சிறு பிள்ளை தன் விரலால் தொட்டு எண்ணித்தான் முதலில் கற்க வேண்டும். கையால் எண்ணிப் பழகிய பிள்ளை பின்னாளில் கைப்பேசியிலும் கருத்தாக இருப்பாள்.

துணி தேர்ந்தெடுத்தல்

பைக்குப் புதுத் துணி வாங்க வேண்டுவதில்லை. ஆறாம் ஆண்டு முடித்த மாணவியின் கருநீல பினபோர் ஒவ்வொரு வீட்டிலும் கிடக்கும். இடைநிலைப் பள்ளியில் சீருடையின் நிறம் வேறு. ஆதலால் அது தங்கைக்கு உதவாத நிலையில் கந்தலாகப் போய்விடுகின்றது. அத்துணி உறுதியானது. இருக்கையில் உராய்ந்து தேய்ந்த பின்பகுதியை விடுத்து, முன்மடிப்புகளின் உட்புறத் துணியை வெட்டி எடுத்துக்கொண்டால் புதிது போலவே இருக்கும். உட்துணிக்கு அம்மாவின் பழைய பாத்தேக் கைலியோ நூற்சேலையோ ஏற்றது. வெளியே பள்ளியின் நிறமும் உள்ளே அம்மாவின் துணியுமாக அமையும் பையினைப் பிள்ளை எளிதில் தொலைக்க மாட்டாள்.

வேலைக்கு உடுத்திய துணியை எடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரப்பர்ப் பால் பட்டு உலர்ந்த இடம் எத்துணை வெளுத்தாலும் போகாது என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அவ்விடத்தில் ஊசி இறங்காது, நூலும் இழுபடும். அப்பகுதியை வெட்டி நீக்கிவிடுக. எடுத்த துணியை ஒருமுறை துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பின்னரே அளந்து வெட்டுதல் வேண்டும். இல்லையேல், பை தைத்து முதல் முறை துவைத்ததும் சுருங்கி, அளவு கெட்டுவிடும்.

ஊசி நடுத்தரமானதாய் இருக்கட்டும். நூலை இரட்டையாகக் கோக்க வேண்டும். ஆனால் முழங்கைக்கு மேல் நீளம் வேண்டா, சிக்கிக்கொள்ளும். பழைய சட்டையின் பொத்தான் ஒன்று, அளவுகோல், சவர்க்காரத் துண்டு ஆகியவை போதும். கருநீலத் துணியில் கோடு போட, தேய்ந்த சவர்க்காரத் துண்டைவிடச் சிறந்த சுண்ணக்கட்டி இல்லை, துவைத்தால் போய்விடும்.

சிறுமிகளுக்குச் சுருக்குப்பை

ஏழு, எட்டு வயதுச் சிறுமிகளுக்குச் சில்லறைக் காசு வைக்கச் சுருக்குப்பையே போதும்.

14 செ.மீ. அகலமும் 30 செ.மீ. நீளமும் உள்ள ஒரே துண்டு வெட்டிக்கொள்க. நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு இரண்டாக மடித்தால், 15 செ.மீ. உயரமுள்ள பை உருவாகும். மடிப்பு அடியிலும், வாய் மேலேயும் இருத்தல் வேண்டும். இருபக்க ஓரங்களையும் 1 செ.மீ. உள்ளே தள்ளிப் பின்தையலால் தைத்து வருக. ஓடு தையல் விரைவில் முடியும். ஆயினும் காசின் பாரத்திற்கு அது தாங்காது. ஒவ்வோர் ஊசிக்கும் அரைத்தையல் பின்னே சென்று முன்னே வரும் பின்தையலே பைக்கு ஏற்றது. 5 சென் காசின் குறுக்களவு 2 செ.மீ.க்கும் குறைவு; தையல் ஓரிடத்தில் விட்டாலும் அது வழியைக் கண்டுபிடித்துவிடும்.

மேலே வாயிலிருந்து 5 செ.மீ. வரைக்கும் தைக்காமல் விடுக. அவ்விடத்து ஓரங்களை 1 செ.மீ. உள்ளே மடித்துத் தைத்தபின், வாயின் விளிம்பை முதலில் 1 செ.மீ. மடிக்கவும். பின்னர் மேலும் 2 செ.மீ. மடித்து, கீழ் ஓரத்தை ஒட்டிச் சுற்றிலும் தைக்கவும். முன்பக்கம் வேறாகவும் பின்பக்கம் வேறாகவும் தைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துத் தைத்துவிட்டால் பைக்கு வாய் இராது. இப்பொழுது கயிறு செல்லும் இரண்டு பாதைகள் கிடைத்துவிட்டன.

40 செ.மீ. நீளமுள்ள இரண்டு கயிறுகள் வேண்டும். முதற் கயிற்றை ஊக்கில் கோத்து, இடப்புறமாக நுழைத்து, முன்பாதை வழியாகச் சென்று, பின்பாதை வழியாகத் திரும்பி, மீண்டும் இடப்புறமே எடுத்து முடிச்சிடுக. இரண்டாம் கயிற்றை வலப்புறமாக நுழைத்து அவ்வாறே வலப்புறம் எடுத்து முடிச்சிடுக. இரு முடிச்சுகளையும் எதிரெதிராக இழுத்தால் பை இறுக மூடிக்கொள்ளும். ஒரே கயிறு போட்டால் மூடும். ஆனால் பள்ளிப் பையினுள் உருளும்போது தானே தளரும். இரண்டு கயிறு போடுவதன் காரணம் அதுவே.

ஓர் எச்சரிக்கை. இப்பையைப் பிள்ளையின் கழுத்தில் மாட்டி அனுப்பாதீர்கள். ஊஞ்சலிலோ பேருந்துக் கதவிலோ கயிறு சிக்கினால் கழுத்தை இறுக்கிவிடும். பள்ளிப் பையின் உட்பையில் வைத்து, கயிற்றை அங்கேயே ஓர் ஊக்கினால் மாட்டிவிடுவது நன்று.

பன்னிரண்டு வயதிற்கு மடல்பை

தோட்டத்தை விட்டுப் பட்டணத்துப் பள்ளிக்குச் செல்லும் வயதிற்குச் சுருக்குப்பை போதாது. நம் நாட்டில் 12 வயது நிறைந்த குடிமகளுக்கு அடையாள அட்டை எடுத்தாக வேண்டும். வெளியே செல்லும்போது அதனை உடன் வைத்திருக்கவும் வேண்டும். பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ இல்லாமல் எத்தனை தோட்டக் குடும்பங்கள் அலைந்துள்ளன என்பதை நீங்கள் அறிவீர்கள். அரும்பாடுபட்டு எடுத்த அட்டையைப் புத்தகத்தின் நடுவே செருகி அனுப்பினால், அது என்றாவது ஒருநாள் விழத்தான் செய்யும். தொலைந்தால் மீண்டும் அலைச்சல், மீண்டும் கட்டணம். ஆதலால் இப்பையில் அட்டைக்கென ஓர் உட்பை வேண்டும்.

மேலும், இன்று புழங்கும் 1 ரிங்கிட், 5 ரிங்கிட் தாள்கள் பாலிமர் என்னும் ஒருவகை பிளாஸ்டிக்கில் அச்சிடப்பட்டவை. பழைய காகித நோட்டைப் போல அவை மடித்த இடத்தில் அடங்கி இருப்பதில்லை; விரிந்து எழும். வாய் திறந்த பையில் வைத்தால் வெளியே வந்துவிடும். ஆகவே இப்பைக்கு மூடும் மடலும் பொத்தானும் இன்றியமையாதவை.

இனி அளவைப் பார்ப்போம். அடையாள அட்டை ஏறக்குறைய 8.5 செ.மீ. நீளமும் 5.4 செ.மீ. உயரமும் உள்ளது. 1 ரிங்கிட் தாள் 12 செ.மீ. நீளமும் 6.5 செ.மீ. அகலமும் கொண்டது, ஒருமுறை மடித்தால் 6 செ.மீ. ஆகும். இவ்விரண்டும் அடங்க, 11 செ.மீ. அகலமும் 8 செ.மீ. உயரமும் உள்ள பை போதும். மடலுக்கு 6 செ.மீ. இவற்றைக் கூட்டினால் முன்பக்கம் 8, பின்பக்கம் 8, மடல் 6, ஆக 22 செ.மீ. ஓரத் தையலுக்குச் சுற்றிலும் 1 செ.மீ. சேர்த்து, 13 செ.மீ. அகலமும் 24 செ.மீ. நீளமுமாக, வெளித்துணியில் ஒன்றும் உட்துணியில் ஒன்றும் வெட்டிக்கொள்க. பிள்ளைகளே, இக்கூட்டலை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். தையலில் பாதி கணக்குத்தான்.

முதலில் அட்டைக்குரிய உட்பை. 12 செ.மீ. நீளமும் 8 செ.மீ. உயரமும் உள்ள துண்டு ஒன்றை எடுத்து, நான்கு ஓரங்களையும் 1 செ.மீ. உள்ளே மடித்தால் 10 செ.மீ.க்கு 6 செ.மீ. ஆகிவிடும். மேல் ஓரத்தை மட்டும் தனியே தைத்துவிட்டு, உட்துணியின் நல்ல பக்கத்தின்மேல் வைக்க வேண்டும். உட்துணியின் அடி ஓரத்திலிருந்து 10 செ.மீ. மேலே அதன் அடிப்பாகம் அமையட்டும், இருபுறமும் 1.5 செ.மீ. இடம் இருக்கட்டும். இடம், வலம், அடி ஆகிய மூன்று பக்கமும் பின்தையலால் தைத்து, மேற்புறத்தைத் திறப்பாக விடுக.

அடுத்து, வெளித்துணியையும் உட்துணியையும் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்குமாறு சேர்த்து வைத்து, சுற்றிலும் 1 செ.மீ. உள்ளே தள்ளித் தைக்க வேண்டும். அடி ஓரத்தின் நடுவில் மட்டும் 6 செ.மீ. தைக்காமல் விடுக. நான்கு மூலைகளின் நுனியைத் தையலில் படாமல் சிறிது வெட்டிவிட்டு, அந்த 6 செ.மீ. வாய் வழியாக முழுவதையும் வெளியே புரட்டி எடுக்கவும். மூலைகளை மழுங்கிய குச்சியால் தள்ளி, இஸ்திரி போட்டால், பிசிறு ஒன்றும் வெளியே தெரியாத 11 செ.மீ.க்கு 22 செ.மீ. அளவுள்ள பட்டை கிடைக்கும். திறந்திருந்த வாயைச் சிறு தையலால் மூடிவிடுக.

மூன்றாவதாகப் பொத்தான். மடல் ஓரத்தின் நடுவில், நான்கைந்து இழை நூலால் பொத்தான் நுழையும் அளவு ஒரு வளையம் அமைத்து, அதன்மேல் நெருக்கமாக நூலைச் சுற்றி முடியுங்கள். பட்டையை 8 செ.மீ.க்கு மேலே மடித்து, மடலைக் கவிழ்த்து, வளையத்தின் நுனி விழும் இடத்தில் குறியிடுக. பின்னர் மடிப்பைப் பிரித்து, அக்குறியில் பொத்தானைத் தைக்க வேண்டும். பக்கங்களை மூடிய பிறகு பொத்தான் தைக்க முற்பட்டால், ஊசி பின்பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துவிடும். நம் முதற் பையில் நாமே இத்தவற்றைச் செய்து, முழுவதையும் பிரித்தோம்.

இறுதியாக, உட்துணி உள்ளே இருக்குமாறு மீண்டும் 8 செ.மீ.க்கு மடித்து, இருபக்க ஓரங்களையும் விளிம்போடு விளிம்பாகச் சேர்த்து, சுற்றுத் தையலால் நெருக்கமாகத் தைக்கவும். வாய்ப்புறத்து மூலையில்தான் இழுப்பு மிகுதி. அங்கு மூன்று நான்கு தையல் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுக. மடலின்மேல் பெயரின் முதலெழுத்தையோ ஒரு சிறு பூவையோ சங்கிலித் தையலால் இட விரும்பினால், இரு துணிகளையும் சேர்ப்பதற்கு முன்பே வெளித்துணியில் இட்டுக்கொள்ள வேண்டும்.

பருவமடைந்த பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். மாதவிலக்கு நாட்களில் வேண்டிய பொருளை மறைவாக எடுத்துச் செல்ல வழியின்றி, மாதந்தோறும் பள்ளிக்கு வராது நிற்கும் பெண்களை ஆசிரியர்கள் அறிவர். இதே பையை 16 செ.மீ. அகலமும் 34 செ.மீ. நீளமுமாக வெட்டி, 12 செ.மீ.க்கு மடித்துத் தைத்தால், இரண்டு மூன்று பஞ்சுப் பட்டைகள் அதில் அடங்கும். பார்ப்போர்க்கு அது வெறும் துணிப்பை. தாய் இதனைத் தைத்துக் கொடுத்தால், மகள் வெட்கத்தால் கேட்கத் தயங்கிய ஒன்றினைத் தாயே உணர்ந்து செய்ததாகும்.

பிள்ளையின் கையால் தைக்கட்டும்

தாய்மார்களே, இப்பையை நீங்களே முழுவதும் தைத்துக் கொடுத்துவிடாதீர்கள். வெட்டுவதும் அளப்பதும் உங்கள் பொறுப்பாகவும், நேர்த்தையல் அவள் பொறுப்பாகவும் இருக்கட்டும். முதல் தையல் கோணலாகத்தான் போகும். பால்மரத்தில் முதல் நாள் உளி பிடித்தபோது உங்கள் வெட்டு நேராகவா சென்றது? பட்டையைக் காயப்படுத்தாமல் வெட்ட எத்தனை நாள் ஆயிற்று? அவளுக்கும் அந்நாட்களைக் கொடுங்கள். அவள் உறங்கிய பின் கோணல் தையலைப் பிரித்து நீங்கள் நேராகத் தைத்து வைத்தால், மறுநாள் காலையில் அவள் காண்பது உங்கள் பையே அன்றித் தன் பை அன்று.

பகல் வெளிச்சத்தில், முற்றத்திலோ வாசற்படியிலோ அமர்ந்து தைப்பது கண்ணுக்கு நல்லது. எத்தனை ஊசி வெளியே எடுத்தோமோ அத்தனையும் எண்ணி உள்ளே வைத்த பின்னரே எழுந்திருக்க வேண்டும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் இது கட்டாயம். ஆண் பிள்ளைகள் பக்கத்தில் வந்து பார்த்தால் அவர்கள் கையிலும் ஊசியைக் கொடுங்கள். அறுந்த பொத்தானைத் தைக்கத் தெரிந்த ஆண்மகனுக்கு எங்கும் குறைவு வராது.

பையில் என்ன இடுவது?

பை ஆயிற்று, இனி அதில் இடுவது யாது? வாரத்தின் முதல் நாளில், அவ்வாரத்திற்கான பேருந்துக் காசையும் உணவுக் காசையும் ஒன்றாகவே கொடுத்துப் பழக்குங்கள். முதலில் இரண்டு நாட்களுக்கு, பின்னர் மூன்று நாட்களுக்கு என்று படிப்படியாகக் கூட்டலாம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் பையைக் கவிழ்த்து, உங்கள் முன்னிலையில் அவளே எண்ணட்டும். சில நாள் குறையும். குறைந்தால் அடிக்காதீர்கள், எங்கே போயிற்று என்று அவளோடு அமர்ந்து கணக்குப் பாருங்கள். கடையில் மீதிக் காசை எண்ணி வாங்கவும் கற்றுக்கொடுங்கள். 2008-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் ரொக்கமாகச் செலுத்தும் மொத்தக் கணக்கு அருகிலுள்ள 5 சென்னுக்கு முழுமையாக்கப்படுகின்றது என்பதைப் பிள்ளை அறிந்திருந்தால், கடைக்காரர் ஏமாற்றினார் என வீணே ஐயுறவும் மாட்டாள். உண்மையாகவே குறைந்தால் கேட்கவும் அஞ்சமாட்டாள்.

நாளொன்றுக்கு 20 சென் மிச்சம் பிடித்தால், ஐந்து பள்ளி நாட்களுக்கு 1 ரிங்கிட். 40 பள்ளி வாரத்திற்கு 40 ரிங்கிட். சிறுதுளி பெருவெள்ளம் என்பதை வேறு எவ்வாறு விளக்குவது? சேர்ந்த பணம் பையிலேயே கிடக்க வேண்டா. முன்னாளைய அஞ்சலகச் சேமிப்பு வங்கியின் இடத்தில் 1974-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கப்பெற்ற தேசியச் சேமிப்பு வங்கியைப் போன்ற ஒன்றில் பிள்ளையின் பெயரில் கணக்குத் திறந்து, பை நிறையும்போதெல்லாம் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கலாம். பை அன்றாடச் செலவுக்கு. வங்கி நாளைய தேவைக்கு.

பையினுள் ஒரு சிறு தாளில் பெற்றோரின் தொலைபேசி எண்ணை எழுதி வைப்பதும் நன்று. துவைப்பதற்கு முன் பையைக் கவிழ்த்துப் பார்த்துவிடுங்கள்; தாள் பணம் உள்ளே இருக்க இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டால் பாலிமர்த் தாள் சுருங்கிக் கெட்டுவிடும்.

தந்தையர்க்கு ஒரு வேண்டுகோள்

இதுவரை தாய்மாரை நோக்கிப் பேசினோம். இனித் தந்தையர் செவிசாய்க்க வேண்டுகின்றோம்.

மாதக் கடைசியில் வீட்டில் காசு இராது. மழை பிடித்துவிட்டால் வெட்டு இல்லை; வருமானம் குறையும்; கடைக் கணக்கு ஏறும். அத்தகைய நாளில் வீட்டில் காசு இருக்கும் ஒரே இடம் மகளின் பையாக இருக்கும். "எடுத்துக்கொள்வோம், நம் பிள்ளையின் காசுதானே" என்று கை நீளும். அந்தக் கையை நிறுத்துக என்பதே நம் வேண்டுகோள்.

உண்மையிலேயே அவசரமாயின், "அம்மா, உன்னிடம் 5 வெள்ளி இருக்கிறதா? சம்பளத்தன்று தருகிறேன்" என்று கேளுங்கள். அவள் தன் கையால் எடுத்துக் கொடுக்கட்டும். சொன்ன நாளில் மறவாமல் திருப்பிக் கொடுங்கள். கேளாமல் எடுத்த 5 வெள்ளி, அவள் பல வாரம் கற்ற பாடத்தை அழித்துவிடும், "சேர்த்தால் எவரேனும் எடுத்துக்கொள்வர், ஆகவே கிடைத்த அன்றே செலவு செய்" என்னும் வேறொரு பாடத்தைக் கற்பித்துவிடும். கேட்டு வாங்கித் திருப்பிக் கொடுத்த 5 வெள்ளியோ, சொன்ன சொல் காக்கும் மனிதர் எப்படி இருப்பார் என்பதைத் தன் வீட்டிலேயே அவளுக்குக் காட்டும். நாளை அவள் தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ பள்ளியிலோ வேலை பார்த்துச் சம்பளம் வாங்கும்போது, அது தன் உழைப்பின் பயன் என்றும், அதைப் பற்றித் தன்னைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும் என்றும் சொல்லும் துணிவு, இச்சிறு பையிலிருந்தே தொடங்குகின்றது.

நாம் செய்யக்கூடியது

இத்தோட்டத்தில் இவ்வாண்டு ஆறாம் ஆண்டு முடிக்கும் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்பது உங்களுக்குத் தெரியும். பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், இம்மண்டபத்திலேயே தாய்மாரும் பிள்ளைகளும் கூடுங்கள். தையல் தெரிந்தவர்கள் தெரியாதவர்க்குச் சொல்லிக் கொடுங்கள். தாயில்லாப் பிள்ளையோ, தாய் நோயுற்றிருக்கும் பிள்ளையோ இருந்தால், பக்கத்து வீட்டு அத்தையோ சின்னம்மாவோ அவளருகே அமர்க. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துப் பள்ளிக்குச் செல்லும் ஒரு பெண் பிள்ளையாவது கைக்குட்டை முடிச்சோடு பேருந்தில் ஏறாதிருக்கட்டும்.

நாம் முதலில் சொன்ன அம்மாணவி ஐந்தாம் படிவம் வரைக்கும் படித்து முடித்தாள். பல ஆண்டுகள் சென்றபின் அவளைப் பட்டணத்தில் சந்தித்தோம். மணமாகி, பெண் குழந்தை ஒன்றுக்குத் தாயாகியிருந்தாள். கைலித் துணிப் பை என்னவாயிற்று என்று கேட்டோம். "மூன்று தடவை உட்துணி மாற்றினேன், சார். இப்போது மகள் எடுத்துக்கொண்டாள்," என்றாள்.

மேசைமேல் ஊசியும் நூலும் வைத்திருக்கின்றோம். அளவெடுத்து வெட்டிய துண்டுகள் சிலவும் உள்ளன. பேச்சை இத்துடன் முடித்துக்கொள்கின்றோம். பிள்ளைகள் முன்னே வரலாம்.